தெளிந்த நீர் கேட்டவளுக்கு

பல மாதச் சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு, இன்று காலை இயந்திரத்தை முதல்முறையாக முழு ஓட்டத்துக்கு விட்டேன். ஒரு நிமிடம் குலுக்குகிறது, ஒரு நிமிடம் சும்மா இருக்கிறது, மறுபடி குலுக்குகிறது. சத்தம் பெரிதில்லை. பக்கத்து அறையில் யாரோ கடுகுப் புட்டியை ஆட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்தச் சத்தத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாய். எனக்கு அதெல்லாம் வராது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வெப்பநிலையைச் சரிபார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ ஆண்டுக்கணக்கில் கேட்ட இயந்திரம் இதுதான். ஆண்டுக்கணக்கில் வேண்டாம் என்று சொன்னவள் நான். கடைசியில் இதை இயக்கக் கற்றுக்கொண்டவளும் நான்தான். உனக்குச் சிரிப்பு வரும்.

நீ நானா என்று கூப்பிடும் உன் அண்ணனுக்கு இதை விளக்கிய நாள் நினைவிருக்கிறது. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய சாப்பாட்டுக் கடை. வேலை முடிந்து உன்னோடு கொம்யூட்டர் ரயிலில் வந்திருந்தேன். மதியக் கூட்டம் போய், மாலைக் கூட்டம் வராத நேரம். அவர் நுரை பொங்க ஆற்றிய தேநீரை, இரண்டு தே தாரேக்கை, நம் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, "ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில அப்படி என்னதான் செய்றீங்க? கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நீ ஆரம்பித்துவிட்டாய். "நானா, பால்ல ஒரு கரண்டி மோர் ஊத்துனா என்ன ஆகும்?"

"தயிராகும்."

"மோர் ஊத்தாட்டி?"

"பால் பாலாவே கெடக்கும்."

"அவ்வளவுதான். மனுஷ மூளைல ஒரு புரதம் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. அது ஒழுங்கா மடிஞ்சு இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. எங்கயோ ஒண்ணு தப்பா மடிஞ்சிடுச்சுன்னா, அது மோர் மாதிரி. பக்கத்துல இருக்கிற நல்லதையெல்லாம் தன்ன மாதிரியே மடிச்சிடும். அதுக்குப் பேரு பிரியான். நாங்க ஒரு தட்டுல சின்னச் சின்னக் குழியா வெச்சு, நல்ல புரதத்தை ஊத்தி, நோயாளியோட முதுகுலேர்ந்து எடுத்த தண்ணில ஒரு துளி விட்டுக் குலுக்கணும். அந்தத் துளில உறை இருந்தா குழி பூரா உறைஞ்சிடும். உறைஞ்சா மினுக்குற மாதிரி ஒரு சாயம் போட்டிருப்போம். மெஷின் பாத்துச் சொல்லிடும். அந்த மெஷின் இங்க இல்ல, வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும்."

"இதுக்குப் போயா வெளிநாட்டுக்கு அனுப்புறீங்க? என் கடைல தினம் ராத்திரி நடக்குதே."

"அதான் நானா நானும் கேக்குறேன். இவதான் விட மாட்டேங்கிறா."

"பால் தானாவே திரிஞ்சு போனா?" என்று கேட்டேன். "மோர் ஊத்தாத பாத்திரமும் காலைல கட்டியா இருந்தா, அந்த நோயாளிக்கு நாம என்ன பதில் சொல்றது?"

உன் நானா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு கேக்குறது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"சரியாத்தான் கேப்பா. தே தாரேக் ஆறிப் போற வரைக்கும் கேப்பா. குடிடி முதல்ல."

அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. புரதத்தைத் தயிர் என்பதும் வைரஸைத் திருடன் என்பதும் கேட்பவரை ஏமாற்றுகிற வேலை என்று ரயிலில் போகும்போதே உன்னிடம் சொன்னேன். "உனக்குப் பிடிக்கலன்னா பரவால்ல லா, அவருக்குப் புரிஞ்சிச்சுல்ல" என்றாய்.

அப்போது நம்மிடம் இருந்தது பழைய சோதனை ஒன்றுதான். தண்டுவட நீரில் பதினான்கு-மூன்று-மூன்று என்கிற புரதம் இருக்கிறதா என்று பார்ப்போம். படலத்தில் பட்டை விழுந்தால் பாசிட்டிவ். அந்தப் பட்டையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மூளைச் செல்கள் வேகமாகச் செத்தால் அது கசியும், அவ்வளவுதான். பக்கவாதத்திலும் கசியும், வலிப்பிலும் கசியும். அது காட்டுவது அழிவை மட்டுமே, யார் அழித்தது என்பதை அது சொல்லாது. முழு உறுதி வேண்டுமென்றால் இறந்தவரின் மூளைத் திசு வேண்டும். எல்லாப் புரதத்தையும் வெட்டித் தள்ளும் நொதியை அதில் ஊற்றினாலும் கரையாமல் மிஞ்சி நிற்பது பிரியான். ஆனால் நம் ஊரில் யார் மூளையைத் தருவார்கள்? உன் வீட்டில் அடுத்த தொழுகைக்குள் அடக்கம். எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் தகனம். அதனால் நம் அறிக்கைகளில் நாம் எழுதியதெல்லாம் 'இருக்கலாம்' என்பது மட்டும்தான்.

அந்த 'இருக்கலாம்' உனக்குப் போதவில்லை. என் தடைகளும் பொய்யில்லை. குழியில் ஊற்றும் புரதத்தை பாக்டீரியாவில் நாமே வளர்க்க வேண்டும். ஒரு முறை வளர்த்தது போல மறுமுறை இருக்காது. சில தொகுதிகள் உறை இல்லாமலே தானாக உறையும். ஒரு துளி இடம் மாறினால் ஒரு குடும்பத்துக்கு மரணத் தீர்ப்பு. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். மேலதிகாரி தன் பங்குக்கு, "நமக்கு இந்த நோயாளிகளே வருவதில்லையே" என்றார்.

"சோதனையே இல்லாட்டி நோயாளி எப்படி வருவாங்க?" என்றாய் வெளியே வந்ததும். "வராம இல்லடி. ஞாபக மறதின்னும், மனநோயின்னும், யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னும் பேரு வெச்சு வீட்டுக்கு அனுப்பிடறாங்க."

நீ வேலை செய்யும் விதம் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். குழாய் வந்ததும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பாய். துளி சிவப்புத் தெரிந்தாலும் போதும். புறங்கையால் குழாயை இடதுபுறம் தள்ளிவிடுவாய். சாப்பிட்டு முடித்தவள் தட்டைத் தள்ளுவது போல இருக்கும். பிறகு தொலைபேசியை எடுப்பாய்.

"டாக்டர், நீங்க அனுப்பினது ரோஸ் கலர் சர்பத்து, சிராப் பாண்டோங். ஐஸ் போட்டா நானே குடிச்சிடுவேன். இது எனக்கு வேணாம். ஊசி குத்தும்போது ரத்தம் கலந்திருக்கு. கடைசிக் குழாய் தெளிவா இருந்தா குடுங்க, இல்லன்னா மறுபடி எடுங்க."

"மறுபடியா? நோயாளிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்பார் அந்தப் பக்கம் இருப்பவர், கோபமாக.

"வரேன். எந்த வார்டு?"

போவாய். உட்கார்ந்து பேசுவாய். சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்புவாய். நான் மேசையிலேயே இருப்பேன். நோயாளிகள் எனக்குக் குழாய்களாகத்தான் தெரிவார்கள். குழாய்களிடம் நான் நேர்மையாக இருந்தேன்; அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் நோய் பிரிக்ஃபீல்ட்ஸில் தொடங்கியது என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அதற்கு முன்பே தொடங்கியிருக்கும், எனக்குத் தெரிந்தது அங்கேதான். நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். நீ நின்றாய். "இந்தப் பூவெல்லாம் ஏன் ஒரே கலரா இருக்கு?" என்றாய். செவ்வந்தியும் மல்லிகையும் ரோஜாவும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் உன் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தாய். பார்த்தாய். மறுபடி துடைத்தாய்.

அடுத்த சில வாரங்களில் படிக்கட்டில் கால் வைக்கத் தயங்கினாய். பெயர்ப் பலகையின் எழுத்துகள் நிற்க மாட்டேன் என்கின்றன என்றாய். ஒருநாள் பங்சாரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். உன் உடம்பு முழுவதும் தூக்கிவாரிப் போட்டது. சாதாரணத் திடுக்கிடல் இல்லை. உன் கை உன்னுடையது இல்லாதது போலத் துடித்தது.

"நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும்" என்றாய். "சொல்லு."

"நான் எதையும் நினைக்கல. ஆதாரம் இல்லாம நான் நினைக்க மாட்டேன்."

"அப்போ ஆதாரம் தேடு." இலையை மூடிவிட்டு நேராகப் பார்த்தாய். "இதே மாதிரி வேற வியாதியும் இருக்கு. உடம்பே மூளையத் தாக்குறது, மருந்து குடுத்தா சரியாகுறது. அதுவா இருந்தா நல்லது. பிரியானா இருந்தா எனக்குத் தெரியணும். மௌத்தான பிறகு மூளைய எடுக்க நானா விட மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன், எனக்கும் இஷ்டமில்ல. அதனால உயிரோட இருக்கும்போதே கண்டுபிடிக்கணும். பேர் தெரியாம நான் போகக் கூடாது, புரியுதா?"

"புரியுது" என்றேன். கை கழுவ எழுந்துபோனேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்று உன் குடும்பம் உன்னைக் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தது. ஸ்கேன் எடுத்தபோது நீ அசைந்துகொண்டே இருந்ததால் படம் தெளிவாக வரவில்லை. முதுகு நீரை எடுத்து, நம் ஆய்வகத்துக்கு வராமலே, அந்தக் குலுக்கும் சோதனைக்காக நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது: நெகட்டிவ்.

உன் நானா கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குணமாகும் நோய்தான் என்று முடிவாயிற்று. அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கழுத்தில் குழாய் செருகி ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நீ இளைத்துக்கொண்டே போனாய். பேச்சு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்தது. இங்கே சரியாகவில்லை என்றால் வெளிநாட்டில் சரியாகும் என்று நானா உன்னை விமானத்தில் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

நான் அந்த நெகட்டிவை நம்பவில்லை. பாசிட்டிவாக இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். என் குணம் அது. உன்னைப் பார்க்க வந்தபோது உன் கட்டிலருகே மதினி மட்டும் இருந்தார். நானாவின் மனைவி, அதிகம் பேசாதவர். "அன்னைக்கு முதுகுல தண்ணி எடுத்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் தோளைப் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அது என்ன கலர்ல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தார். "லேசா ரோஸா இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை குத்த வேண்டியதாப் போச்சு, அவ ஆடிக்கிட்டே இருந்தாளா. நர்ஸ் அந்தக் குழாயை இவ முன்னால மேசைல வெச்சாங்க. இவ கைய நீட்டி அதைத் தள்ளிவிடப் பாத்தா. சோறு வேணாம்னா தட்டைத் தள்ளுவாள்ல, அந்த மாதிரி. கை துடிக்குதுன்னு நர்ஸ் புடிச்சுக்கிட்டாங்க. பாவம், மறுபடி மறுபடி நீட்டிக்கிட்டே இருந்தா."

நான் உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அது நீ வேண்டாம் என்று சொன்னதா, நோய் உன் கையை ஆட்டியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. நீ என்றுதான் உன் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் அப்படி நம்ப விரும்புகிறேன். விரும்புவதாலேயே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு நிறம் போதும். ரத்தம் கலந்த நீரில் உறை இருந்தாலும் குழி உறையாமல் போகலாம். பழைய சோதனையில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் ரத்தம், புதிய சோதனையில் இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். ரத்தம் கலந்த எந்தக் குழாயையும் திருப்பி அனுப்புகிற ஒருத்தி அன்று குழாய்க்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவள் செய்கிற வேலையைச் செய்ய அங்கே வேறு யாரும் இல்லை.

நானாவிடம் மறுபடி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். மருத்துவமனைக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில். அவர் முகம் மாறிவிட்டது.

"நெகட்டிவ்னு எழுதிக் குடுத்தாச்சு தங்கச்சி. நீ வந்து அதைப் பாசிட்டிவ் ஆக்கணும்னு நிக்கிற. அவ சாகப் போறான்னு சொல்றதுக்கு அவ்வளவு அவசரமா உனக்கு?"

"அவசரம்தான் அண்ணே."

"தெரிஞ்சா மருந்து இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அவளை மறுபடி குத்தணும்? அந்த முதுகைப் பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். நான் வெறுக்கிற ஒன்றை அப்போது செய்தேன். "அண்ணே, உங்க கடைல உறை ஊத்தியும் தயிராகாம போனது உண்டா?"

என்னை முறைத்தார். பிறகு, "பால் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது ஊத்திட்டா ஆகாது. உறை செத்துடும்" என்றார்.

"காலைல பாத்திரத்தைத் திறந்து பாத்தா பாலாத்தான் இருக்கும். அதுக்காக உறையே ஊத்தலன்னு சொல்வீங்களா?"

அவர் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். சாலையில் லோரி ஒன்று போய் முடியும்வரை காத்திருந்தேன்.

"ரத்தம் கலந்தா அப்படித்தான் அண்ணே. இல்லன்னு வந்ததுக்கு அர்த்தம் இல்லன்னு இல்ல. எனக்கும் தெரியாது. இந்த வியாதி இல்லன்னு வந்தா, உங்ககூட நானும் பிளேன் ஏறி வரேன். இருக்குன்னு வந்தா, அந்தக் கழுத்துக் குழாயை எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அவ என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. பேர் தெரியாம போகக் கூடாதுன்னு."

"எப்போ கேட்டா?"

"பேச்சு இருந்தப்போ."

கார்க் கதவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டு, "நீ கூட இருப்பியா?" என்றார்.

இருந்தேன். இம்முறை மயக்க மருந்து கொடுத்து, துடிப்பு அடங்கிய பிறகு எடுத்தார்கள். முதலில் சொட்டியதை வீணாக விடச் சொன்னேன். மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டார். கடைசிக் குழாயை வாங்கி வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே எதுவும் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிவு. உலர்பனிக்கட்டியில் நானே வைத்துக் கட்டினேன். மற்ற யாரையும் தொட விடவில்லை.

பதில் வந்தது. உன் நீரை ஊற்றிய நான்கு குழிகளிலும் மினுக்கத்தைக் காட்டும் கோடு எழுந்திருந்தது. தாமதமில்லை, தயக்கமில்லை. உறை ஊற்றாத குழிகள் கடைசிவரை தட்டையாகவே கிடந்தன. அந்த வரைபடத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அதில் பிழை தேடினேன். என் வாழ்நாளில் எந்த முடிவிலும் அப்படிப் பிழை தேடியதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

மருத்துவர் உன் நானாவிடம் சொன்னபோது பக்கத்தில் நின்றேன். அவர் அழவில்லை. "எம் புள்ளைங்களுக்கு வருமா?" என்று கேட்டார். அதை இந்தச் சோதனை சொல்லாது, ரத்தத்தில் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தார்கள். மாற்றம் எதுவும் இல்லை. காரணம் எதுவும் இல்லாமல், யாருக்கும் எங்கேயும் வரக்கூடிய வகைதான் உனக்கு வந்தது. நீ சாப்பிட்டதால் வரவில்லை, யார் கொடுத்ததாலும் வரவில்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்கு மேலிருந்த அறையில், கீழேயிருந்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கிற இடத்தில், சில வாரங்கள் இருந்தாய். மதினி உன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அது துடிக்கும்போதெல்லாம் அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டிருப்பார்.

நீ போன காலை, செய்தி சொன்ன பிறகும் நானா தொலைபேசியை வைக்கவில்லை. பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். பள்ளிவாசல்லேர்ந்து வந்திருக்காங்க. மூளை வியாதின்னதும் பயப்படுறாங்க. பிளாஸ்டிக்ல சுத்தி அப்படியே அடக்கிடலாங்கிறாங்க, கோவிட்ல வாப்பாவுக்குச் செஞ்ச மாதிரி." ஒரு கதவு சாத்திக்கொண்டது. "வாப்பாவை ஒரு சொட்டுத் தண்ணி படாம அனுப்புனோம். இவளையும் அப்படி அனுப்ப என்னால முடியாது. குளிப்பாட்டலாமா, வேணாமா?"

"குளிப்பாட்டலாம் அண்ணே. தொடலாம். முகத்தைப் பாக்கலாம், முத்தம் குடுக்கலாம். இது தொட்டு வர்ற வியாதி இல்ல. உடம்பை அறுக்கக் கூடாது, அதுதான் விதி. நீங்க அறுக்கப் போறதில்ல. வழக்கமாப் போடுற கையுறை போதும்."

"நிச்சயமாவா?"

நான் அந்தச் சொல்லை அறிக்கைகளில் எழுதியதில்லை, பேச்சில்கூடப் பயன்படுத்தியதில்லை. நீ அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாய். வெயில் அடிக்கிறதா என்று கேட்டால்கூட 'அடிப்பது போலத் தெரிகிறது' என்பவள் என்பாய்.

"நிச்சயமா" என்றேன்.

வாசல் வரைக்கும் வந்து நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் மதினியும் மற்றப் பெண்களும் உன்னைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நிதானமாகக் கேட்டது. யாரும் பதறவில்லை, யாரும் அவசரப்படவில்லை. பெயர் இல்லாத நோயாக இருந்திருந்தால் பயத்துக்கு எல்லையே இருந்திருக்காது. பெயர் தெரிந்ததால் விதியும் தெரிந்தது. விதி தெரிந்ததால் உன்னைத் தொட முடிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆய்வகத்தில் பேச்சு எழுந்தது. உனக்கு இங்கேதான் ஒட்டிக்கொண்டது என்றார்கள். ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போனார். நான் கோபப்படவில்லை. மூளைத் திசுவை நம் ஆய்வகம் தொட்டதே இல்லை; நீ கையாண்டது தண்டுவட நீர் மட்டும்; அதனால் வந்ததற்கு ஆதாரம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். கேட்காதவர்களிடம் சொல்லவில்லை. பிறகு மேலதிகாரியின் அறைக்குப் போய், நீ கேட்ட இயந்திரத்தை நான் கேட்டேன். அவர் என் பழைய தடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே திருப்பிச் சொன்னார்.

"எல்லாம் உண்மைதான்" என்றேன். "அதனால்தான் நான் செய்யணும்னு சொல்றேன்."

இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை கொடுத்தார்கள்.

அதன் பிறகு பல மாதங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. நான் வளர்த்த முதல் தொகுதிப் புரதம் உறை இல்லாமலே உறைந்தது, கொட்டினேன். அடுத்தது உறை ஊற்றியும் அசையவில்லை, அதையும் கொட்டினேன். இப்போதிருப்பது நன்றாக நடந்துகொள்கிறது. உறையைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்த இடத்தில் குழிகள் உறைவது நிற்கிறது என்று பார்க்கிறேன். எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க இப்போதைக்கு நேர்மையான வழி அதுதான். கோடு சீக்கிரம் எழுந்தால் நோய் முற்றியது என்று எழுதச் சொல்கிறார்கள் சிலர். எழுத மாட்டேன். நான்கு குழிகளில் ஒன்று மட்டும் எழுந்தால் இருக்கிறது என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். தெரியவில்லை என்று எழுதி, மறுபடி செய்வேன். இந்தச் சோதனை அதன் தகுதியைக் காட்டி முடிக்கும்வரை நோயாளிகளின் குழாய்கள் இன்னும் வெளிநாட்டுக்குத்தான் போகின்றன. ஆனால் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு குழாய் வந்திருக்கிறது. லோரி ஓட்டுகிறவராம், சில வாரங்களாக வீட்டுக்கு வழி தெரியவில்லையாம். நேற்று அவர் மனைவி நம் சன்னல் வரைக்கும் வந்து நின்றாள். நம்மைவிட இளையவள்.

"அக்கா, இங்கதான் டெஸ்ட் பண்றாங்கன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இல்லன்னு வந்துட்டா நல்லதுதானேக்கா?"

மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இது பழக்கமில்லை. முதலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. "இல்லன்னு வந்தா, அது ஏன் இல்லன்னு வந்துச்சுன்னும் பாக்கணும் மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தயிர் உறைய வைப்பாயா என்று கேட்டேன். வைப்பேன் என்றாள். அங்கிருந்து தொடங்கினேன்.

குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டேன். தெளிவாக இல்லை. வார்டில் இருக்கும் மருத்துவர் தொலைபேசியில் சத்தம் போட்டார். மறுபடி குத்த அந்த மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றார். எந்தக் கட்டில் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். பார்வை நேரம் தொடங்கிவிட்டது. அவள் வந்திருப்பாள். நான் போய்ப் பேச வேண்டும்.